‘சோங் ஒவ் சிலோன்’: உழைப்பின் காட்சியும் வணிகத்தின் குரலும்

கலைப்படைப்பொன்றின் அழகினை அதனைத் தோற்றுவித்த பொருளாதார உறவுகளினின்றும் பிரித்து நோக்குதல் பொருந்தாது என்பதற்கு, பசில் றைற் 1934இல் இலங்கையிற் படம்பிடித்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் விவரணப்படம் தக்க எடுத்துக்காட்டாகும். யோன் கிறியர்சன் தயாரித்த இப்படம் 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. ஆயின், இதற்குப் பொருளுதவியது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை என்பது மனங்கொள்ளத்தக்கது.

அமெரிக்காவின் ஆரம்பகாலக் குறும்படங்கள் பல, கறுப்பினக் கிராம மக்களை நகைப்புக்குரியோராகவே காட்டின. றைற்றிடம் அவ்வேளனம் இல்லை. சிங்களக் கிராமத்தை அவர் மதிப்புடன் நோக்குகிறார். எனினும், லயனல் வென்ட் வாசிக்கும் விவரணை, கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து பெறப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டின் சொற்கள் இருபதாம் நூற்றாண்டின் காட்சிகளுக்குப் பொருத்தப்படும்போது, கிராமம் வரலாற்று மாற்றமற்ற ஒன்றாகத் தோற்றமளிக்கின்றது. இடைப்பட்ட காலத்து நிலப்பறிப்பும் பெருந்தோட்ட உருவாக்கமும் பார்வைக்கு எட்டாது போகின்றன.

‘வணிகத்தின் குரல்கள்’ என்னும் மூன்றாம் பகுதியே படத்தின் உண்மையான சாதனை. உழைப்பின் காட்சிகள்மீது சந்தை விலைகளும் வணிகக் கடித வாசகங்களும் ஒலிக்கின்றன. மூலதனம் உருவமற்ற குரலாகின்றது; உழைப்போ குரலற்ற உடலாகின்றது. குடியேற்ற நாட்டுப் பொருளாதாரத்தின் அடிப்படை முரண்பாட்டினை இதனினும் செறிவாகக் காட்டுதல் அரிது.

ஆயினும் அம்முரண்பாட்டின் ஒரு பக்கம் நிறைவுபெறவில்லை. கிராமத்தவருக்கு வழிபாடும் ஆடலும் வீடும் உண்டு. சிவனொளிபாத மலையேறும் யாத்திரையும் உண்டு. கொழுந்து கொய்யும் பெண்ணுக்கோ கைகள் மட்டுமே உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் லயமும் கடனும் கோயிலும் அங்கு இடம்பெறவில்லை. உழைப்பை ஏற்று உழைப்பவரை மறுக்கும் இந்நோக்கு திரைக்கு மட்டும் உரியதன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோது அதுவே அரச நெறியாயிற்று.

எனவே இப்படத்தைப் புறக்கணித்தலோ வியந்து நிற்றலோ விமர்சகர் பணியாகாது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலையக மக்கள் பாடல்களை அதன் அருகே வைத்து ஆராய்தல் வேண்டும். திரையிற் குரலிழந்த மாந்தர் தம் கங்காணியையும் கூலியையும் துயரையும் பற்றித் தாமே பேசுவதை அங்குக் கேட்கலாம். விலைகளை உரக்க ஒலித்த படம் கூலியைப் பற்றி மௌனம் சாதித்தமை அப்போதுதான் முழுமையாகப் புலப்படும்.