மூன்று மணி நேரத்துக்கு முன்னால் இரண்டு ஆண்டுகள்

பிளஸ் 2 பொதுத்தேர்வு காலை 10 மணிக்குத் தொடங்குகிறது. வினாத்தாளைப் படிக்கப் பத்து நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க ஐந்து நிமிடம். 10.15க்கு எழுத ஆரம்பித்தால் 1.15க்கு மணி அடித்துவிடும். மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய பிறகும் பல மையங்களில் ஓர் அறையில் மட்டும் தேர்வு நடந்துகொண்டிருக்கும். ஒரு மாணவர் சொல்லச் சொல்ல ஓர் ஆசிரியர் எழுதிக்கொண்டிருப்பார்.

சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மூன்றும்தான் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு நம் மேல்நிலைக் கல்வி தரும் முதன்மையான உதவிகள். இவற்றின் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பார்வையற்ற, கை ஒத்துழைக்காத, எழுத்துகளைப் பிரித்தறியத் திணறுகிற எத்தனையோ பிள்ளைகள் இந்த ஏற்பாட்டால்தான் கல்லூரி வாசலை மிதித்திருக்கிறார்கள். கூடுதல் நேரம் கொடுப்பது மற்றவர்களுக்கு அநீதி என்று இன்றும் சிலர் முணுமுணுக்கிறார்கள். விடை தெரியாதவருக்கு ஒரு மணி நேரத்தால் விடை வந்துவிடாது. தெரிந்ததைத் தாளில் இறக்கத்தான் அந்த நேரம்.

சட்டமும் இவர்கள் பக்கம்தான் நிற்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதை 21 ஆக விரித்தது, கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. கூடுதல் நேரத்தையும் எழுதுபவரையும் மொழி விலக்கையும் அதன் 17ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. எழுதும்போது கை இறுகிப்போகும் தேர்வர் ஒருவர் மத்தியத் தேர்வாணையத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதற்காக எழுதுபவரை மறுக்க முடியாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, இது யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கும் சலுகை இல்லை.

அப்படியானால் எங்கே இடிக்கிறது? அந்த அறைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம்.

விடையைச் சொல்லிக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, எழுத வருபவராக வேறு பாடத்து ஆசிரியரை அமர்த்துவது வழக்கம். நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் கணக்குத் தேர்வில் மாணவர் "எக்ஸ் பிளஸ் ஒன் பை டூ" என்று சொல்கிறார். எக்ஸையும் ஒன்றையும் கூட்டி, மொத்தத்தையும் இரண்டால் வகுக்க வேண்டுமா? ஒன்றை மட்டுமா? எக்ஸின் மதிப்பு 3 என்றால் முதல் வகையில் விடை 2, இரண்டாவது வகையில் மூன்றரை. கணக்கு ஆசிரியருக்கு முந்தைய வரியைப் பார்த்தாலே புரிந்துவிடும். வரலாற்று ஆசிரியருக்கு எப்படித் தெரியும்? "அடைப்புக்குறி திற, எக்ஸ் பிளஸ் ஒன், அடைப்புக்குறி மூடு, முழுவதும் கீழே இரண்டு" என்று சொல்லும் பழக்கம் மாணவருக்கு இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

கட்டுரை விடைகளில் சிக்கல் வேறு மாதிரி. கண்ணால் பார்த்து எழுதுபவர் மேலே ஒரு பார்வை ஓட்டி, விட்டுப்போனதைச் சேர்த்துக்கொள்வார். பார்வையற்ற மாணவர் இரண்டு பக்க விடையையும் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, எந்தப் பத்தியில் எதைச் சொன்னோம் என்று நினைவில் பிடித்திருக்க வேண்டும். தப்பு என்று தெரிந்தால், அன்று காலைதான் முதன்முதலாகப் பார்த்த ஆசிரியரிடம் "சார், அந்த வரிய அடிச்சிட்டு மறுபடி எழுதுங்க" என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் வந்தால் எழுந்து நின்றே பழகிய பதினேழு வயதுப் பிள்ளைக்கு அது எளிதா? கூச்சத்தில் தப்பை அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. பல பள்ளிகளில் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு எழுதுபவரைத் தர உபரி ஆசிரியர் இல்லை. ஆகவே இந்தப் பிள்ளைகள் விடையை வாயால் சொல்வதே பொதுத்தேர்வில்தான் முதல் முறை. ஒத்திகையே பார்க்காமல் நேராக மேடை ஏற்றுகிறோம்.

மொழி விலக்கைப் பற்றி எனக்கு இரண்டு மனம் இருக்கிறது. காது கேளாத பிள்ளையிடம் இரண்டு பேச்சு மொழிகளிலும் தேர்வு எழுதச் சொல்வது கொடுமை. அங்கே விலக்கு முழு நியாயம். வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைக்கோ அந்த விலக்கு ஒரு கதவைத் திறந்து இன்னொன்றைச் சாத்துகிறது. தேர்வு இல்லை என்றானதும் அந்தப் பாடவேளையில் அவரைக் கவனிப்பார் இல்லை. கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு கலைக் கல்லூரியில் சேர்ந்தால் பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் ஆங்கிலம் என்று இரண்டும் காத்திருக்கின்றன. விலக்கு கொடுத்த மொழியைத் தேர்வு பயமில்லாமல் மெதுவாகச் சொல்லித்தர அதைவிட நல்ல வாய்ப்பு ஏது? அதைத்தான் வீணாக்குகிறோம்.

வாசிப்புக் குறைபாடு கண்ணில் படுவதே தாமதமாகத்தான். தமிழில் கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு இடப்பக்கம் நிற்கின்றன, ஒலியோ மெய்க்குப் பின்னால் வருகிறது. "கொ" என்ற எழுத்தில் ஒரே உயிரின் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ல, ழ, ள தனி. இங்கே தடுமாறும் பிள்ளையை ஆங்கிலச் சொற்களால் ஆன சோதனையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015இல் இந்திய மொழிகளுக்கென வாசிப்புக் குறைபாட்டுச் சோதனை ஒன்றை வெளியிட்டபோது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் இருந்தன. முதல் வரிசையில் தமிழ் இல்லை. சென்னையில் தன்னார்வ அமைப்புகள் பல ஆண்டுகளாக இதில் உழைக்கின்றன. தமிழ்வழியில் படிக்கும் கிராமத்துப் பிள்ளையோ பத்தாம் வகுப்பு வரை "படிப்பு ஏறாத பையன்" என்ற பெயரோடே வந்து சேர்கிறார்.

மேல்நிலையில் அவருக்கு இன்னொரு பெயர் கிடைக்கிறது: மெல்லக் கற்பவர். நூறு சதவீதத் தேர்ச்சிக்கான நெருக்கடியில் அவர் கையில் குறைந்தபட்சக் கற்றல் கையேடு திணிக்கப்படுகிறது. இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்து மொத்தம் 35ஐ எட்டினால் தேர்ச்சி. கையேடு அந்தப் பதினைந்தைக் குறிவைத்தே தயாராகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி குறைந்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் காது மந்தமான பிள்ளை, கவனம் சிதறும் பிள்ளை, வீட்டு வேலையால் பள்ளிக்கு ஒழுங்காக வராத பிள்ளை எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டு ஒரே பத்துக் கேள்விகளை மனப்பாடம் செய்யவைத்தால், யாருக்கு எது தடை என்று யார் பார்ப்பது?

பார்க்க வேண்டியவர்கள் வட்டார வள மையங்களின் சிறப்புப் பயிற்றுநர்கள். ஒவ்வொருவருக்கும் பல பள்ளிகள். கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு நின்றுவிடுவதால், சட்டத்தின் அழுத்தமும் எட்டாம் வகுப்பு வரைதான் தீவிரமாக இருக்கிறது. 2016 சட்டம் பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தந்தாலும், பிளஸ் 2 இயற்பியலைத் தெரிந்த சிறப்புப் பயிற்றுநரை அது தரவில்லை. பார்வையற்ற பிள்ளைகளை முதல் குரூப்பில் காண்பது அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படம் பார்த்து எழுதும் கேள்விகளுக்குப் பதிலாக அவர்களுக்கு மாற்றுக் கேள்வி தரும் முறை சி.பி.எஸ்.இ.யில் இருக்கிறது. இங்கே பிள்ளையைத்தான் வேறு குரூப்புக்கு மாற்றுகிறோம்.

2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் 1 பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல செய்தியாகவே அதைப் பார்க்கிறேன். ஒரு முழு ஆண்டு கையில் வந்திருக்கிறது. பிளஸ் 1 ஜூனிலேயே யாருக்கு எழுதுபவர் தேவை என்று கணக்கெடுத்து, மாதத் தேர்வு ஒவ்வொன்றையும் அதே முறையில் நடத்தலாம். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களை மாற்றி மாற்றி அனுப்பினால், அறிமுகமில்லாத குரலுக்கும் கைக்கும் பழக்கம் வரும். விலக்குப் பெற்ற மொழிப் பாடவேளையை வாசிப்புப் பயிற்சிக்கு ஒதுக்கலாம். இவற்றுக்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை, தலைமையாசிரியரின் கால அட்டவணையே போதும். மேல்நிலைப் பள்ளிகளுக்கென்று பாட அறிவுள்ள சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரப் பணியில் அமர்த்துவதற்குத்தான் பணம் வேண்டும், அதை அரசுதான் கொடுத்தாக வேண்டும்.