குறியெதிர்ப்பையும் ஈகையும்: லோஹேகாவ் மரபுவழி ஒரு மறுவாசிப்பு

ஈகை குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் கொடுப்போரை மையமிட்டவை. கடையெழு வள்ளல்களின் வரிசையும் அவர்தம் கொடைத்திறமும் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்பட்ட அளவிற்குப் பெறுவோரின் நிலை ஆராயப்படவில்லை. பெறுபவர் இரந்து பெற்றாரா, கடனாகப் பெற்றாரா, கேளாமலே பெற்றாரா என்னும் வேறுபாடு கொடையின் தன்மையையே மாற்றவல்லது. இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டும் சான்று ஒன்று தமிழ் நிலத்திற்கு வெளியே, மராத்திய பக்தி மரபில் கிடைக்கிறது. அதனைத் தமிழ் நூல்களோடு எதிர்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று புணே நகரின் வானூர்தி நிலையத்தால் அறியப்படும் லோஹேகாவ், வார்க்கரி மரபினருக்குத் துகாராமின் தாய்வழி ஊராகும். அவருடைய தாயார் கனகாயி இவ்வூரைச் சேர்ந்தவர் என்பதும், துகாராம் இங்குப் பலமுறை வந்து கீர்த்தனம் நிகழ்த்தினார் என்பதும் மரபு. 1608இல் தேஹூவில் பிறந்தவராகப் பெரும்பான்மையோர் கொள்ளும் துகாராம், தானிய வணிகமும் வட்டித்தொழிலும் செய்த குடும்பத்தவர். 1630-32 ஆண்டுகளில் தக்காணத்தைச் சூறையாடிய பஞ்சம் அக்குடும்பத்தை அழித்தது. பொருளும் மதிப்பும் போயின. முதல் மனைவி சோறு சோறு என்று கேட்டே உயிர் விட்டார். இதனைத் துகாராமே தம் அபங்கம் ஒன்றில் கூறுகிறார்.

அதன்பின் நிகழ்ந்ததாக மகீபதி (1715-1790) தரும் செய்தியே இங்குக் கருதத்தக்கது. பிறர் தம் குடும்பத்திற்குத் தரவேண்டிய கடன்களுக்குரிய பத்திரங்களைத் துகாராம் இரு கூறாக்கினார். ஒரு பாதியைத் தம்பி கான்ஹோபாவிடம் அளித்தார். தம் பங்கை இந்திராயணி ஆற்றில் இட்டார். வரலாற்று நூல்கள் இதனைத் துறவின் அடையாளமாகவே விளக்குகின்றன. உலகப் பற்றை விட்டார் என்பது அவ்விளக்கம். அது பிழையன்று, ஆயின் போதாது. பத்திரம் நீரில் மூழ்கியபோது பற்று நீங்கியவர் ஒருவர். கடன் நீங்கியவர் பலர். பஞ்சத்தில் அடிபட்ட உழவர்க்கு அன்று கிடைத்தது ஞானோபதேசமன்று, நிலுவையின்மை. தம்பியின் பங்கைத் தொடாமல் விட்டதும் நோக்கத்தக்கது. பிறர் பொருளை எடுத்துத் தாம் அறம் செய்யும் எளிய வழியைத் துகாராம் மேற்கொள்ளவில்லை.

இச்செயலைத் தமிழ் அறநூலின் எந்த வகையில் அடக்குவது? வள்ளுவர் ஒப்புரவறிதல் (22), ஈகை (23) என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். ஈகை அதிகாரத்தின் முதற்குறள் வறியவர்க்கு ஒன்றைத் தருவதையே ஈகை என வரையறுத்து, ஏனைய கொடையெல்லாம் 'குறியெதிர்ப்பை'யின் தன்மையன என விலக்குகிறது. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திரும்பக் கொடுப்பது. அண்டை வீட்டில் அரிசி வாங்கி அறுவடையில் திருப்பும் வழக்கத்தினின்று பிறந்த சொல் போலும். ஆக, வள்ளுவர் ஈகையை வரையறுக்கக் கையாண்ட எதிர்நிலை கஞ்சத்தனம் அன்று; கடன். இந்நுட்பம் உரைமரபில் போதிய அழுத்தம் பெறவில்லை.

இவ்விரு வகைக்கும் இடையே மூன்றாவது ஒன்று உண்டு என்பதைத் துகாராமின் செயல் காட்டுகிறது. கொடுக்கும்போது அது குறியெதிர்ப்பை; பின்னாளில் எதிர்ப்பை விடப்பட்டதால் ஈகை. வாங்கியவர் இரவலராக வந்தவர் அல்லர். திருப்பித் தருவேன் என்னும் சொல்லோடு நிமிர்ந்து நின்று வாங்கியவர். இரவச்சம் (107) என்னும் அதிகாரம் இரத்தலின் இழிவை எவ்வளவு கூர்மையாகப் பேசுகிறது என்பதை அறிந்தோர்க்கு இவ்வேறுபாட்டின் பெறுமதி விளங்கும். கேட்கப்படாமலே, கொடுத்தவர் முகம் காணாமலே, ஆற்றங்கரையில் நிகழ்ந்த கொடை இது. கடன்பட்டவர் கைநீட்ட வேண்டியதே இல்லை.

குறியெதிர்ப்பை என்னும் சொல் புறநானூற்றிலும் (163) வருகிறது. முதிரமலைக் குமணனிடம் பெருவளம் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அதனை யார் யார்க்குக் கொடுக்கவேண்டும் என மனைவிக்குக் கூறும் பாடல் அது. விரும்பி வாழ்வோர், சுற்றத்தார் என நீளும் அவ்வரிசையில், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியோரும் இடம்பெறுகின்றனர். தம்மைக் கலந்து எண்ணவும் வேண்டா என்று உரிமை தருகிறார் புலவர். இப்பாடல் பெறுபவன் வள்ளலாக மாறும் மேன்மைக்காகப் பாராட்டப்படுவது வழக்கம். ஆனால் அதில் மறைந்திருக்கும் இல்லக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது: கணவன் பரிசில் தேடிச் சென்றிருந்த நாள்களில் வீட்டின் பசியைத் தாங்கியது மன்னனின் யானை அன்று, அக்கம்பக்கத்தார் அளந்து தந்த கடன். அதனை வாங்கியவள் மனைவி. இதே புலவர் அதியமான் தம்மைக் காணாமல் அனுப்பிய பரிசிலை வணிகப் பரிசிலன் தாம் அல்லர் என மறுத்ததும் (208) உடன்வைத்து நோக்கத்தக்கது. பெறுபவரின் தகுதி குறித்து அவர் அளவு எண்ணியோர் சிலரே.

மணிமேகலையின் ஆபுத்திரன் கதை (13, 14ஆம் காதைகள்) இச்சிக்கலின் மறுமுனையைக் காட்டுவது. சிந்தாதேவி அளித்த அமுதசுரபியால் தென்மதுரையில் உயிர்களின் பசி தீர்க்கும் ஆபுத்திரன், வரம் தர வந்த இந்திரனை எள்ளி நகைக்கிறான். சினந்த இந்திரன் செய்த பழிவாங்கல் விந்தையானது: பன்னீராண்டு மழை மறந்த பாண்டி நாட்டில் மழை பெய்வித்தான். வளம் பெருகியது, உண்ண வருவோர் இல்லை, அம்பலத்தில் வீணர் கூடினர். வைதிகக் கடவுளைப் பௌத்தக் காப்பியம் எள்ளுமிடம் என இப்பகுதியைக் கடந்துசெல்லும் ஆய்வாளர் பலர். அங்குள்ள இக்கட்டு அதனினும் ஆழமானது. பாத்திரம் ஊட்டியதினும் அதிகம் ஊட்டியது அம்மழை. ஒப்புரவிற்கு வள்ளுவர் காட்டும் உவமையும் கைம்மாறு கருதாத மழையே. சாத்தனாரோ அம்மழையைச் சினத்தின் விளைவாக்கி, பசியின் முடிவு கொடையாளனுக்குத் துன்பமாவதைப் படைத்துக்காட்டுகிறார். கொடுப்பவனுக்கு இல்லாதவன் தேவைப்படுகிறானா என்னும் கேள்வியை இத்துணை வெளிப்படையாக எழுப்பிய தமிழ்க்காப்பியம் வேறில்லை.

சாத்தனார் ஆபுத்திரனை அக்கேள்வியில் தோற்கவிடவில்லை. சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிவதைக் கலத்தில் வந்தோர் சொல்லக் கேட்டு, அவன் கடல் கடந்து செல்லப் புறப்படுகிறான். மொழியறியாத, முகமறியாத மக்களின் பசிக்காகக் கலமேறும் இக்காட்சி, எல்லை கடந்த உதவி பற்றிய உலகளாவிய சிந்தனைக்குத் தமிழின் பங்களிப்பு எனலாம். மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபின், பலர்க்குரிய பாத்திரத்தால் தன் ஒருவன் வயிறு நிரப்ப மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாது உயிர் துறக்கிறான்.

பொய்கையில் பாத்திரமும் ஆற்றில் பத்திரமும் இடப்பட்டன. முன்னவன் கைவிட்டது கொடுக்கும் ஆற்றலை. பின்னவர் கைவிட்டது கேட்கும் உரிமையை. பெறுவோர் இன்மையால் நிகழ்ந்தது ஒன்று, தரவியலாதோர் பலராதலால் நிகழ்ந்தது மற்றொன்று. இரண்டும் தம்முள் தொடர்பற்ற மரபுகளில் தோன்றியவை. தாக்கம் எனப் பேச இடமில்லை.

லோஹேகாவைச் சார்ந்த கதை ஒன்று இவ்வொப்பீட்டிற்கு இடையூறு செய்கிறது. அவ்வூர் சிவ்பா கஸார் என்னும் வணிகர், துகாராமின் கீர்த்தனத்தில் ஈடுபட்டு அடியவரானார். அவர் மனைவி வீட்டிற்கு வந்த துகாராம் மீது கொதிநீரை ஊற்றினார் என்பது கதை. மரபு அப்பெண்ணைப் பிழை செய்தவளாகவே நிறுத்துகிறது. துகாராமின் இரண்டாம் மனைவி ஜிஜாயியும் அவ்வாறே சீறிவிழும் பெண்ணாகச் சித்திரிக்கப்படுகிறார். பஞ்சத்தில் ஒரு மனைவி பட்டினியால் மாண்ட வீட்டில், வரவேண்டிய பொருளையும் ஆற்றில் விட்டவரை நோக்கி எழும் சினத்தை அறியாமை என ஒதுக்குவது திறனாய்வுக்கு அழகன்று. பெருஞ்சித்திரனார் கொடுக்கும் உரிமையை மனைவியிடமே ஒப்படைத்தார். ஆதிரை தன் கையால் முதற்பிச்சையை இட்டாள். லோஹேகாவிலும் தேஹூவிலும் அவ்வுரிமை பெண்ணிடம் இருந்ததாகக் கதைகள் காட்டவில்லை.

லோஹேகாவை அடுத்த வாகோலியைச் சேர்ந்த ராமேஸ்வர பட்டரின் எதிர்ப்பால் துகாராமின் பாடல் ஏடுகளும் அதே இந்திராயணியில் இடப்பட்டன. பாடலேட்டையும் கணக்கேட்டையும் மராத்தியில் 'வஹி' என்னும் ஒரே சொல் குறிக்கும். பாடலேடுகள் 13 நாள்களுக்குப் பின் நனையாமல் மிதந்து வந்ததாகப் பக்தர் போற்றுவர். 1936இல் புணேயின் பிரபாத் நிறுவனம் எடுத்த மராத்தித் திரைப்படமும், 1938இல் முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த தமிழ்த் திரைப்படமும் துகாராமின் வாழ்வை இரு மொழி மக்களிடமும் கொண்டுசென்றன. கடன் பத்திரங்கள் மிதந்து வந்ததாக எம்மரபும் கூறவில்லை.