கவறும் கதைமாந்தர் இறப்பும்

காப்பியத்தில் ஒருவன் எப்பொழுது, எவ்வாறு இறத்தல் வேண்டும் என்று முடிவு செய்பவன் புலவன். அம்முடிவு புலவன் கையை விட்டு நீங்கி, உருளும் பகடையின் ஒரு முகத்தில் அமையுமாயின், அங்குப் பிறப்பது கதையாகுமா? இவ்வினா வெறுங் கற்பனை அன்று. 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். அதில் ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரைப் படைத்துக்கொண்டு அம்மாந்தராகவே பேசுவர்; நடுவர் ஒருவர் கதையுலகை நடத்துவர்; ஐயம் எழுமிடத்துப் பகடை தீர்ப்புக் கூறும்.

கிழக்குத் தாம்பரத்து வீடொன்றின் மாடியில் இளைஞர் ஐவர் இவ்வாட்டம் ஆடக் கண்டோம். எட்டுத் திங்களாக ஒருவர் வளர்த்து வந்த வீராங்கனை ஒருத்தி, பெட்டியொன்றைத் திறக்கையில் நச்சூசி தைத்து மாய்ந்தாள். இருபது முகப் பகடை 3 என்னும் எண்ணைக் காட்டியது, அவ்வளவே. நடுவர் தம் திரைக்குப் பின்னே அவ்வெண்ணை மாற்றிக் கூறியிருக்கலாம் என்றார் ஒருவர். அது வஞ்சனை என்றார் மற்றொருவர். அவ்விருவர் வழக்கே ஈண்டு ஆராயப்படுவது.

1. தமிழர் கவறாட்டம்

கவறாட்டம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்துப் புள்ளிமயங்கியல், சூதாடு கருவியைக் குறிக்கும் 'வல்' என்னும் சொல்லுக்குப் புணர்ச்சி விதி கூறுகிறது. 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் அதனோடு சேருங்கால் வல்லநாய், வல்லப்பலகை எனவும் வரும் என்பது அவ்விதியின் பயன். ஈண்டு நாய் என்பது பலகைமேல் நகரும் காய். காய்க்கு உயிருள்ள பொருளின் பெயர் அன்றே வழங்கியமை கருதத்தக்கது.

இன்று வழங்கும் தாயத்திலும் இவ்வுயிர்ப்பு உண்டு. எதிரியின் காய் நம் கட்டத்தில் வந்து விழின் நம் காய் 'வெட்டுப்படும்'. மலை எனப்படும் கட்டத்தில் நிற்பின் பிழைக்கும். சுற்றி முடித்தால் 'பழம்' ஆகும். வெட்டுப்பட்ட காய் மீண்டும் களம் புகத் தாயம் விழுதல் வேண்டும். சுழி, 1, 2, 3 எனக் குறியிட்ட நாற்பக்கக் கட்டைகள் இரண்டை உருட்டுங்கால் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றே. ஆயினும் அவ்வாய்ப்பு என்றும் அடைபடுவதில்லை.

பரமபத சோபன படமும் இத்தகையதே. திருநீர்மலைத் திருப்பதியை அருகே உடைய தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதி வீடுகளில் வைகுண்ட ஏகாதசி இரவு கண்விழிப்போர்க்கு அது பழகிய ஆட்டம். வைகுண்டத்தை அணுகிய காயைப் பெரும்பாம்பு விழுங்கிக் கீழே தள்ளும். எனினும் அது அழிவன்று, மறுபிறவி. தமிழர் ஆட்டங்களில் காய் இறந்தாலும் ஆட்டத்தை விட்டு நீங்குவதில்லை.

மேலைநாட்டு ஆட்டத்தின் நிலை வேறு. அதன் முதற் பதிப்பில், தொடக்கநிலை வீரன் ஒருவனை நஞ்சு தாக்கின், 12 அல்லது அதற்கு மேற்பட்ட எண் விழுந்தாலன்றி அவன் பிழையான். இருபதில் பதினொரு பங்கு இறப்பு. 1977-இல் வெளிவந்த 'டிராவலர்' என்னும் ஆட்டத்திலோ, மாந்தரைப் படைக்கும் பொழுதே, கதை தொடங்கு முன்னரே, அம்மாந்தர் இறத்தலும் கூடும். 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இக்கடுமையைத் தணித்தது: வீழ்ந்தவர்க்கு மூன்று எறிவு தவறினாலன்றி இறப்பில்லை. நாற்பது ஆண்டுகளில் ஆட்டமே இளகியமை, திடீர் இறப்பு ஆடுவோர் நெஞ்சை எத்துணை உறுத்தியது என்பதற்குச் சான்றாகும்.

2. காப்பியத்துள் திடீர் இறப்பு

கவறு பற்றிய நம் பெருநூல்களில் பலகையருகே எவரும் இறப்பதில்லை. வில்லிபாரதத்திலும் பாரதியாரின் பாஞ்சாலி சபதத்திலும் தருமன் இழப்பன நாடும் தம்பியரும் தானும் தேவியுமே. உயிர்கள் வீழ்வது பதின்மூன்று ஆண்டுக்குப் பின் போர்க்களத்தில். நளன் கவறால் இழந்ததைக் கவறாலேயே மீட்கிறான். இழப்புக்கும் அதன் விளைவுக்கும் இடையே காலம் வைத்து, அக்காலத்தைக் கதையாக்குவது புலவர் நெறி.

அங்ஙனமாயின் காப்பியத்தில் திடீர் இறப்பு இல்லையோ? உண்டு. கோவலன் இறப்பினும் விரைந்த இறப்பு யாது? உசாவல் முற்றுப்பெறு முன்னரே ஒரு காவலன் வாள் வீசுகிறான். ஆயினும் கற்பார்க்கு அது எதிர்பாராதது அன்று. கோவலன் கண்ட தீக்கனா, கண்ணகி கண்ட கனா, வழியில் எதிர்ப்பட்ட ஏறு என நிமித்தங்கள் முன்னரே நிற்கின்றன. நிகழ்ச்சி திடீரென்பது, நூல் திடீரென்பது அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

பகடையால் வரும் இறப்புக்கு இத்தகைய நிமித்தம் இல்லை என்பர். இக்கூற்று ஒரு பாதியே உண்மை. இருபதில் பதினொன்று என்னும் கணக்கை ஆடுவோர் எறியு முன்னரே அறிவர். பாம்பு படத்தில் எழுதப்பட்டே உள்ளது. அறிந்த வாய்ப்பே ஆட்டத்தின் நிமித்தம். ஆகவே குறை, இறப்பு பகடையால் வந்தது என்பதன்று. இடர் இன்னதென்று முன்னரே உணர்த்தப்படாமையே குறை. தாம்பரத்து வீராங்கனை திறந்த பெட்டியில் நஞ்சு உண்டென்பதற்கு ஒரு குறிப்பும் தரப்படவில்லை. அங்கே பிழைத்தது பகடை அன்று; கதை கூறிய நடுவரே.

3. எண்ணை மாற்றலாமோ?

இரக்கத்தால் எண்ணை மறைத்து மாற்றுதல் தக்கதென்பார் கூற்றை எளிதில் தள்ளற்கியலாது. எட்டுத் திங்கள் உழைப்பை ஓர் உருட்டல் அழித்தல் முறையோ என அவர் வினவுகின்றனர். எனினும் நாம் அதற்கு உடன்படுகிலோம். கவறு பொதுவானது என்னும் நம்பிக்கையிலேயே ஆடுவோர் அமர்ந்துள்ளனர். விழுந்த எண்ணை ஒருவர் மறைவில் ஆளத் தொடங்கின், அது சகுனியின் கவறாகிறது. சகுனி கெடுக்க மாற்றினான். இவர் காக்க மாற்றுகிறார். கருத்து வேறாயினும் கவறு ஒன்றே. மேலும் அன்று முதல் அவ்வீராங்கனை பெறும் வெற்றியெல்லாம் ஐயத்துக்கு இடமாகும். தோற்க இயலாதவள் வென்றாள் என்பதில் பொருளில்லை.

நடுவர்க்கு உரிய இடம் எறிவுக்கு முன்னர். இறப்பைக் கதை தாங்காதெனின் கவற்றைக் கையில் எடாதிருத்தல் வேண்டும். எடுத்தபின் விழுந்ததே விழுந்தது.

4. இறப்புக்குப் பின்

முன்னறிவிப்பின்றி நேர்ந்த இறப்பு பொருளற்றே ஒழியுமோ? ஒழியாது என்பதற்குப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களே சான்று. அதியமான் மார்பில் வேல் பாய்ந்தது ஒரு நொடி நிகழ்ச்சி. அவ்வேல் இரவலர் கையையும் புலவர் நாவையும் ஊடுருவிச் சென்றதாக ஔவையார் பாடிய பின்னரே அதன் பொருள் முழுமை பெற்றது. நிமித்தம் முன்னின்று பொருள் தரும். கையறுநிலை பின்னின்று பொருள் தரும். காப்பியம் முன்னதைச் சார்வது. கவறாட்டக் கதை பின்னதைச் சார்தல் வேண்டும். தொல்காப்பியர் அழுகைக்குக் கூறிய நிலைக்களன் நான்கனுள் இழவும் ஒன்று. அவ்விழவுக்கு இடந்தராது உடனே புதிய மாந்தரைப் படைத்து மேற்செல்வதே ஆட்டத்தின் உண்மைக் குறை.

தாம்பரத்து இளைஞர் அன்றிரவு ஆட்டத்தைத் தொடரவில்லை. இறந்தவள் செய்தவற்றை ஒருவர் பின் ஒருவராக நள்ளிரவு வரை சொல்லிக்கொண்டிருந்தனர். வழக்கிட்ட இருவரும் அதில் கலந்துகொண்டனர். அவர் அறியாமலே செய்தது கையறுநிலை.

சூது என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் மிகுவது போலத் துன்புறுந்தோறும் உயிர் உடம்பின்மேல் காதல் கொள்ளும் என்கிறார். சூதைக் கடிய வந்த அதிகாரம் உயிரின் இயல்பைக் கூறி முடிகிறது. மறுவாரம் அவ்வைவரும் அதே மாடியில் மீண்டும் கூடினர் என அறிந்தோம்.