தொழில் என்னும் கலைச்சொல்: அத்திரம்பாக்கமும் கும்மிடிப்பூண்டியும்

ஒரு சொல் பல துறைகளிற் பயிலும்போது அதன் பொருள் விரிகின்றது என்று பொதுப்படக் கூறிவிடுகின்றோம். விரிதல் ஒருவகை, ஒரே வடிவுடைய வேறு வேறு சொற்களாகப் பிரிந்து போதல் மற்றொரு வகை. இவ்விரண்டனுள் நிகழ்ந்தது எது என்று தெளியாமல் கலைச்சொற்களைக் கையாளும்போது நேரும் மயக்கம் சிறிதன்று. 'தொழில்' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு இம்மயக்கம் எங்குத் தோன்றுகின்றது, எவ்வாறு தீரும் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவள்ளூர் மாவட்டத்தினும் ஏற்ற நிலம் பிறிதில்லை. அம்மாவட்டத்தில் கொசத்தலையாற்றை அடுத்துள்ள அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளைத் தொல்லியலார் 'அச்சூலியத் தொழில்' என்று குறிக்கின்றனர். அம்மாவட்டத்தின் வடகிழக்கே கும்மிடிப்பூண்டியில், 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் அமைத்த வளாகத்தில் இரும்பை உருக்குவதும் உருட்டுவதும் தொழிலே. ஒரே மாவட்டத்துள், ஒரே சொல்லால், பதினைந்து லட்சம் ஆண்டு இடையீடுடைய இரண்டைச் சுட்டுகின்றோம். இவ்விரண்டற்கும் இடையே உள்ள உறவு பொருளுறவா, ஒலியுறவு மட்டுமா என்பதே வினா.

இலக்கணத்திலிருந்து தொடங்குதல் முறையாகும். ஏனெனில் தொழில் என்பதை முதன்முதற் கலைச்சொல்லாக ஆண்டவர் நம் இலக்கண ஆசிரியர்களே. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்திலேயே தொழிற்பெயர் என்னும் குறியீட்டை ஆளுகின்றார். சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் தொழில்முதல்நிலை எட்டென வகுக்கின்றார். செயல், செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, ஏற்போன், பயன் என்பன அவை. பிற்காலத்தில் பவணந்தியார் வினைக்கு இலக்கணங் கூறுமிடத்து இறுதி இரண்டனையும் விடுத்து ஆறே கொண்டார். தண்டியாசிரியர் உவமைக்குப் பண்பு, தொழில், பயன் என மூன்று நிலைக்களன் வகுத்தபோதும் தொழில் என்றது நிகழ்ச்சியையே. சைவ சித்தாந்திகள் ஐந்தொழில் என்னும்போதும் அவ்வாறே. ஆண்டுக் கருவியும் கூலியும் பேசப்படுவதில்லை. ஆகவே பழைய ஆட்சியில் தொழில் என்பது நிகழ்வது. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பொருளன்று.

தொல்காப்பியர் கூறிய இவ்வெட்டு முதல்நிலைகளும் நமக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படும். இக்காலத் துறைகள் ஒவ்வொன்றும் எட்டனுள் ஒன்றையோ இரண்டையோ பற்றிக்கொண்டு அதற்கு முழுமையின் பெயரைச் சூட்டியுள்ளன என்பது நம் கருத்து. இதனைச் சில துறைகளில் வைத்துக் காட்டுவோம்.

சட்டத் துறை செய்வோனைப் பற்றிக்கொண்டது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தொழிலை வரையறுத்தபோது வேலை கொடுப்போரின் முயற்சி ஒருபுறம், வேலை செய்வோரின் பணி மற்றொருபுறம் என இருபாலும் நோக்கி வரையறுத்தது. எப்பொருள் ஆக்கப்படுகின்றது என்பது அங்கு முதன்மை பெறவில்லை. எவர் எவரோடு எவ்வுறவில் நிற்கின்றனர் என்பதே முதன்மை பெற்றது. அதனால் விளைந்த வழக்குகள் பல. பல்கலைக்கழகம் தொழிலன்று என 1963இல் தில்லிப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1978இல் பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யரின் தீர்ப்பு அதனை மாற்றியது. முறைப்பட்ட செயல், வேலை கொடுப்போரும் செய்வோரும் கூடியியற்றல், மக்கள் தேவைக்குரிய பொருளோ பணியோ பயத்தல் என்னும் மூன்றும் இருப்பின் ஊதிய நோக்கம் இல்லாவிடினும் அது தொழிலே என்பது அத்தீர்ப்பின் சாரம். நாமும் நம் மாணவரும் நன்னூல் ஓதிக்கொண்டிருந்த இடமே ஒரு தீர்ப்பால் தொழிலன்றாகி, மற்றொரு தீர்ப்பால் தொழிலாகியது. 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அரசின் இறைமைச் செயல்களையும் வீட்டுப் பணியையும் சில அறநிறுவனங்களையும் வரையறையினின்று விலக்கியது. வீட்டில் துணி துவைப்பவள் செய்வது இலக்கணத்தில் தொழில்; சட்டத்தில் தொழிலன்று. இது வெறுஞ் சொற்பூசலன்று. பணிநீக்கம் பெற்ற ஒருவர் தொழில் தகராற்றுக்குரிய மன்றத்தை அணுக இயலுமா என்பது இச்சொல்லின் எல்லையையே பற்றி நிற்கின்றது.

ஆட்சித் துறையினர் இடத்தைப் பற்றினர். தொழிற்பேட்டை, தொழில் வளாகம், தொழிற்பகுதி என்பனவெல்லாம் நிலத்தின் பெயர்கள். 1958இல் கிண்டியில் தொழிற்பேட்டை அமைந்தபோது, சந்தையிருந்த புறநகரைக் குறித்த 'பேட்டை' என்னும் வழக்குச் சொல் தொழிலோடு சேர்ந்து நன்கு பொருந்தியது. ஆக்கியோர் யாவராயினும் பாராட்டுக்குரியர். அதே ஆட்சித் துறையில் 'தொழில் வரி' என்னும் வழக்கும் உண்டு. கும்மிடிப்பூண்டி ஆலையில் மாதச் சம்பளம் பெறுவார் செலுத்தும் தொழில் வரி ஆலைமேல் விதித்த வரியன்று. அவர்தம் அலுவல்மேல் விதித்த வரி. அங்குத் தொழில் என்பது பிழைப்பு.

ஈழத்து வழக்கையும் ஈண்டு ஒப்பிடுதல் தகும். நாம் தொழிற்புரட்சி என்பதை இலங்கைத் தமிழர் கைத்தொழிற் புரட்சி என்பர். தொழிற்பேட்டை அவர்க்குக் கைத்தொழிற் பேட்டை. நமக்குக் கைத்தொழில் என்பது பாய் முடைதலும் கூடை பின்னுதலும் போல்வனவற்றைச் சுட்ட, அவர்க்கு அது நீராவிப் பொறியையும் உள்ளடக்கும். 'கை' என்னும் அடை அவர் வழக்கில் தன் பொருளை இழந்து, பிழைப்புத் தொழிலினின்று ஆக்கத் தொழிலைப் பிரித்துக் காட்டும் குறியாக நின்றுவிட்டது. நம் தமிழகத்து வழக்கில் அப்பிரிவைக் காட்டும் அடை இல்லை. இஃது ஒரு குறையே என்க.

இனித் தொல்லியலுக்கு வருவோம். மயக்கம் மிக்க இடம் அதுவே. 1863ஆம் ஆண்டு மே மாதம் நிலவியலார் இராபர்ட்டு புரூசு ஃபூட் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். பின்னர் 1930இல் கம்மியேடும் பர்க்கிட்டும், 1930களின் இறுதியில் வி. டி. கிருஷ்ணசாமியும் பாட்டர்சனும் கருவிகளை வரிசைப்படுத்தினர். சென்னைக் கைக்கோடரித் தொழில் என்றும் சென்னைக் கைக்கோடரிப் பண்பாடு என்றும் இருவகையாகவும் பெயர் வழங்கலாயிற்று. 'இண்டஸ்ட்ரி' என்னும் ஆங்கிலச் சொல்லே இங்குத் தொழிலாயிற்று. அவ்வாங்கிலச் சொல்லோ இலத்தீனில் ஊக்கத்தையும் முயற்சியையும் குறித்த சொல்லின் வழிவந்தது. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கு 'ஆள்வினையுடைமை' எனப் பெயரிட்டபோது கருதிய பொருளுக்கு மிக அணியது. ஐரோப்பியத் தொல்லியலார் அதனை, ஒரே மூலப்பொருளால், ஒரே செய்முறையால் ஆக்கப்பட்டுப் பல இடங்களிற் கிடைக்கும் கருவிகளின் திரளுக்குப் பெயராக்கினர். அஃதாவது, செயலின் பெயரைச் செயப்பட்ட பொருளுக்கு இட்டனர்.

இது நம் இலக்கணத்தில் தொழிலாகுபெயர். வற்றல் என்னும் எடுத்துக்காட்டைப் பள்ளி மாணவரும் அறிவர். வற்றுதலாகிய தொழிலின் பெயர் வற்றிய காய்க்கு ஆகிவந்தது. அச்சூலியத் தொழில் என்பதும் அவ்வாறே உழைத்தலாகிய செயலின் பெயர் உழைப்பால் விளைந்த கல்லுக்கு ஆகிவந்ததாகும். பின், குறை யாதெனின், ஆகுபெயர் வழக்கால் நிலைபெறுவது என்பதே. வற்றலை உண்டான் என்றால் எவரும் மயங்கார். 'அத்திரம்பாக்கத்தில் தொழில் கிடைத்தது' என்று எழுதினால் படிப்போர் வேலை கிடைத்தது என்றே கொள்வர். ஆங்கில வழக்கை எடுத்துக்கொண்டோம். அதனை நிலைபெறச் செய்த வழக்கை எடுத்துக்கொள்ளவில்லை.

இம்மயக்கம் நகைப்பளவில் நின்றால் ஒரு கட்டுரை வேண்டுவதில்லை. அது முடிபுகளையே திரிக்கின்றது. சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் பிறரும் அத்திரம்பாக்கத்தில் நெடுங்காலம் அகழ்ந்து ஆய்ந்து, 2011இல் 'சயின்சு' இதழில் ஒரு முடிபை வெளியிட்டனர். அண்டக்கதிர்த் தாக்கத்தால் கல்லில் விளையும் அணுக்களை அளந்தும், மண்ணடுக்கின் பண்டைக் காந்தத் திசையை ஆராய்ந்தும், அச்சூலியக் கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்றனர். 2018இல் 'நேச்சர்' இதழில், அதே இடத்தில் பெரிய கைக்கோடரிகள் அருகிச் சிறுகருவிகளும் லெவல்வா முறைச் செதில்களும் மிகும் இடைப் பழங்கற்காலக் கூறு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னர்த் தொடங்கி 1,72,000 ஆண்டுகளுக்கு முன்வரை நீடித்தது என்றனர். இவ்விரு முடிபுகளையும் தமிழில் எழுதும்போது 'அச்சூலியத் தொழில் மாறி இடைப் பழங்கற்காலத் தொழில் வந்தது' என்று எழுதினால் என்னாகும்? தொழில் என்றவுடன் தமிழ் மரபு செய்வோனைத் தேடும். தொழில் மாறியது எனின் செய்வோர் மாறினர், புதியோர் வந்து குடியேறினர் என்று படிப்போர் ஊகிப்பர். அத்திரம்பாக்கத்திலோ இக்கருவிகளைச் செய்தோரின் எலும்பு ஒன்றேனும் கிடைத்திலது; செய்தோர் எம்மனித இனத்தார் என்பதைக் கருவிகளைக் கொண்டு துணிய இயலாது. எட்டு முதல்நிலைகளுள் இடம், கருவி, செயப்படுபொருள் மூன்றும் கையில் உள்ளன, காலம் கணிக்கப்பட்டுள்ளது, செயல் கல்லின் தழும்புகளினின்று ஊகிக்கப்படுகின்றது, செய்வோன் இல்லை. சட்டத்தில் எது தொழிலின் உயிரோ அது தொல்லியலில் காணப்படாதது.

தமிழின் சொல்லாக்க எளிமையும் இங்குத் தீங்கு செய்கின்றது. அச்சூலியம் என்றதும் 'அர்' விகுதி ஒன்றனைச் சேர்த்து 'அச்சூலியர்' என்று ஒரு மக்களினத்தையே படைத்துவிடலாம். முதுகலை மாணவர் கட்டுரைகளில் இவ்வினத்தாரை நாம் ஒருமுறையன்று, பலமுறை சந்தித்திருக்கின்றோம். அவர்க்கு மொழி உண்டு, வழிபாடு உண்டு, சில கட்டுரைகளில் தமிழும் உண்டு! செய்ந்நேர்த்தியின் பெயரினின்று ஓர் இனத்தைப் பிறப்பித்தல், கும்மிடிப்பூண்டி முறுக்குக் கம்பியைக் கண்டு 'கம்பியர்' என்னும் குலத்தை நிறுவுவதை ஒக்கும்.

மற்றொரு பிழை 'தொழிற்சாலை' என்னும் வழக்கு. கருவிகளைச் செதுக்கிய இடத்தை ஆங்கிலத் தொல்லியல் நூல்கள் ஆலையின் பெயரால் வழங்கியதுண்டு. அதனைப் பழங்கற்காலத் தொழிற்சாலை என மொழிபெயர்த்தால் முதலாளியும் நேரக் கணக்கும் உள்ளத்தில் எழுகின்றன. பட்டறை என்னும் சொல் இதற்குப் போதும். திருவள்ளூரையடுத்த பட்டறைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை 2015-16இலும் 2017-18இலும் அகழ்ந்தபோது கற்கருவிகளும் கிடைத்தன. அதனால் ஊர்ப்பெயரே கற்காலப் பட்டறையின் நினைவு என்று எவரேனும் எழுதப் புகுவர், அது கொள்ளத்தக்கதன்று. ஊர்ப்பெயரின் வயது வேறு, கல்லின் வயது வேறு.

இரண்டு தொழில்களுக்கும் இடையே மெய்யான பொருளுறவு ஓரிடத்தில் உண்டு. அது கழிவு. கல்லைச் செதுக்கும்போது தெறித்துவிழும் செதில்களும் சில்லுகளும் செய்வோனுக்கு வேண்டாதவை. ஆராய்வோனுக்கு அவையே தலைசிறந்த சான்று. முடிந்த கருவியை எங்கும் எடுத்துச் செல்லலாம். சில்லு செய்த இடத்திலேயே கிடக்கும். அதனைக் கொண்டே இங்கு வேலை நடந்தது என்று கூறுகின்றோம். கும்மிடிப்பூண்டியிலும் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைகளைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என வகுப்பது ஆக்கும் பொருளை மட்டும் நோக்கியன்று. அவை விடும் கழிவின் தன்மையையும் அளவையும் நோக்கியே. தொல்காப்பியரின் எட்டு முதல்நிலைகளில் கழிவுக்கு இடமில்லை என்பது இங்குக் கருதற்பாலது. குடம் வனைந்தான் என்னும் வாக்கியத்தில் எஞ்சிய மண்ணைப் பற்றி வேற்றுமை எதுவும் பேசுவதில்லை. இதனை இலக்கணத்தின் குறையாகக் கூறோம். வாக்கியத்தின் தேவை வேறு.

இனி, தொல்லியலார் திரளைக் குறிக்க எச்சொல்லை ஆளலாம்? 'கருவித் தொகுதி' என்பது ஓரிடத்து ஓரடுக்கிற் கிடைத்தவற்றுக்கே பொருந்தும். அதனை அதற்கே விட்டுவிடல் வேண்டும். 'மரபு' என்பது தலைமுறைத் தொடர்ச்சியை உடன்பட்டுப் பேசுவது. அத்தொடர்ச்சி நிறுவப்பட வேண்டியதேயன்றி நிறுவப்பட்டதன்று. 'பண்பாடு' என்பதன்பால் தொழிலுக்குக் கூறிய தடைகள் யாவும் இன்னும் மிகுதியாக உள. 'கல்வினை' என்னும் சொல்லை நாம் பரிந்துரைக்கின்றோம். கைவினை என்பது செய்தலையும் செய்யப்பட்ட பொருளையும் ஒருங்கே குறித்து இன்றும் வழங்குகின்றது. கைவினைக் கண்காட்சி என்றால் பொருள்களைக் காணவே செல்கின்றோம். ஆகவே ஆகுபெயர் ஈண்டு வழக்கால் முன்னரே நிலைபெற்றுள்ளது. அச்சூலியக் கல்வினை என்பதைப் படிப்போர் வேலைவாய்ப்பையும் கருதார், ஆலையையும் கருதார்.

வினை என்பதும் வினைச்சொல்லையும் இருவினையையும் குறிக்கும் கலைச்சொல்லன்றோ எனின், ஆம். ஆயின் 'கல்' என்னும் அடை அவ்விரண்டையும் விலக்கிவிடுகின்றது. 'அர்' விகுதி பெற்றுக் கல்வினையர் என இங்கும் ஓர் இனம் தோன்றாதோ எனின், கல்வினைஞர் என்றே தோன்றும். வினைஞர் என்பது குலத்தையோ நாட்டையோ சுட்டாது, செய்கையையே சுட்டும். செய்கையளவே நாம் அறிந்தது. எலும்பு ஒன்று கிடைக்குமாயின் அப்போது வேறு பெயர் இடலாம்.