ழெரோமின் தொழுகையாளிகள்

ழான்-லியோன் ழெரோமின் 'மசூதியில் தொழுகை' (1871) நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருக்கும் நான் அதை நகலில்தான் பார்த்திருக்கிறேன். கெய்ரோவின் அம்ர் பள்ளிவாசல். உள்ளோக்கிப் போகும் தூண்கள், தொங்கும் விளக்குகள், வரிசை வரிசையாக மனிதர்கள். ஏவலர்களுடன் வந்த ஒரு பிரமுகர். இடுப்புத்துணி மட்டும் அணிந்த ஒரு ஃபக்கீர்.

இந்த ஓவியத்தை நிராகரிப்பது இன்று சுலபம். எட்வர்ட் ஸெய்தின் 'ஓரியண்டலிஸம்' (1978) நூலின் அட்டையில் இடம்பெற்றதே ழெரோமின் பாம்பாட்டிதான். இத்தகைய படங்களில் வரலாறு இல்லை, பார்த்துக்கொண்டிருக்கும் ஐரோப்பியன் இல்லை, தூரிகைத் தடம்கூட இல்லை என்று லிண்டா நோச்லின் 1983இல் எழுதினார். சரிதான். ழெரோம் 1868இல் எகிப்து போன காலத்தில் அம்ர் பள்ளி சிதைந்து கிடந்தது. படத்தில் அந்தச் சிதைவு இல்லை. பல இடங்களில் கண்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்க வேண்டும்.

எனக்கு இதைவிட அடிப்படையான ஆட்சேபம் ஒன்று இருந்தது. தொழுகை வரிசையின் அர்த்தமே தோளோடு தோள் சேர்ந்து நிற்பது. ஆளுக்கு ஆள் உள்ள பேதத்தை நிறுத்திவைப்பது. ழெரோமின் கண்ணோ தலைப்பாகை தலைப்பாகையாக, துணி துணியாக அவர்களைப் பிரித்தெடுக்கிறது. தொழ வந்தவன் எதை மறக்க வந்தானோ அதையே ஓவியன் ஞாபகப்படுத்துகிறான். ஆகவே இது தொழுகையின் ஓவியமல்ல, உடைகளின் ஓவியம் என்று நண்பர்களிடம் வாதித்திருக்கிறேன்.

இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஜும்ஆ முடிந்து கூட்டம் வெளியே வருவதை, வாசலுக்கு எதிரே நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். டேனரி முதலாளியும் அவரிடம் கணக்கெழுதுபவரும் உள்ளே ஒரே வரிசை. செருப்பைத் தேடும்போதே வரிசை கலைந்துவிடுகிறது. ஒருவருக்குக் கார், மற்றவருக்கு சைக்கிள். உள்ளே இருந்த சமத்துவம் பொய் என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு நேர அளவு உண்டு. பிரமுகரைப் பிரமுகராகவே தீட்டியதன் மூலம் ழெரோம், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அளவைக் குறித்துவிடுகிறார்.

ஆனால் அந்த இடுப்புத்துணிக்காரர்? எங்கள் பக்கத்தில் அப்படி ஒருவரைத் தொழுகை வரிசையில் நான் கண்டதில்லை. சிறுவயதில் கோவணத்தோடு மனிதர்களைப் பார்த்தது டேனரியின் சுண்ணாம்புக் குழியில். பெரும்பாலும் சேரியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கும்பிடுவது வேறு தெய்வங்களை. அவர்கள் பதனிட்ட தோல் மட்டும் செருப்பாகிப் பள்ளிவாசல் படிவரை வருகிறது. பள்ளிவாசல் அவர்களை வராதே என்று சொன்னதில்லை. சொன்னது என் வீட்டார் கும்பிட்ட கோயில்.

ழெரோமின் வரிசையில் அந்த மனிதருக்கு ஓர் இடம் இருக்கிறது. வெறும் விசித்திரத்துக்காக அவரைச் சேர்த்திருக்கலாம். இருந்தாலும் அவர் அங்கே, பிரமுகர் தொழும் அதே கூரைக்குக் கீழே நிற்கிறார். நான் அறிந்த எந்த வழிபாட்டிடத்திலும் காணாததை ஒரு பிரெஞ்சுக்காரனின் புனைவில் காண நேர்கிறது.

படத்தில் ஐரோப்பியன் இல்லை என்பது நோச்லினின் குற்றச்சாட்டு. வாசலுக்கு எதிரே நின்ற நானும் என் விமரிசனத்தில் இதுவரை இல்லாமல்தான் இருந்திருக்கிறேன்.