தலையணைச் சுவடியும் குறுங்குறிப்பின் தகுதியும்

அன்றாடம் கண்டதையும் கருதியதையும் இரண்டொரு வரியில் எழுதிப் பலர் பார்வைக்கு விடும் வழக்கம் இக்காலத்திற் பெருகியுள்ளது. இதனை இலக்கியத்தோடு வைத்தெண்ணுதல் தகுமோ என ஐயுறுவோர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் யப்பானிய அரண்மனையில் எழுந்த நூலொன்றை முதலில் நோக்குதல் நன்று. செய் ஷோனகொன் என்னும் அம்மையார் இயற்றிய 'மகுரா நோ சோஷி' என்பதே அந்நூல். 'தலையணைச் சுவடி' என அதனைத் தமிழில் வழங்கலாம்.

அம்மையார் புலவர் குடியிற் பிறந்தவர். 993ஆம் ஆண்டளவிற் பேரரசி தெய்ஷியின் பணிமகளிருள் ஒருவரானார். அரசிக்கு வந்த தாட்கட்டொன்று தமக்குக் கிடைத்ததென்றும், அதில் மனம்போனவாறு எழுதிவந்தவற்றை விருந்தினர் ஒருவர் எடுத்துச் சென்றமையால் அவை வெளியே உலவலாயின என்றும் அவரே கூறுகின்றார். பிறர் காணார் எனக் கருதி எழுதினேன் என்று அவர் சாதிப்பதை நாம் முற்றும் நம்பவேண்டுவதில்லை. அவையறிந்து பேசும் குரலே நூலெங்கும் கேட்கின்றது.

முந்நூறுக்கு மேற்பட்ட பகுதிகளுட் சில பல பக்கம் நீள்வன. மிகப் பல சில வரிகளில் முடிவன. வெறுக்கத்தக்கவை, நெஞ்சைத் துடிக்கச் செய்பவை, நேர்த்தியானவை என்றாற்போல் தலைப்பிட்டுப் பொருள்களை அடுக்கிச் செல்வது அம்மையார்க்கு உவப்பான முறை. புதிய வெள்ளிக் கிண்ணத்தில் இனிய பாகு கலந்து வைத்த பனிக்கட்டிச் சீவல் ஓரடுக்கில் வரும். வெள்ளரிப்பழத்தின்மேல் வரைந்த குழந்தைமுகமும், எலிபோல் ஒலித்தழைக்கத் தத்திவரும் குருவிக்குஞ்சும் பிறிதோரடுக்கில் வரும். இவை ஏன் இனியன என்று பெரும்பாலும் விளக்குவதில்லை. பொருளை நம்முன் வைத்துவிட்டு ஆசிரியை விலகிக்கொள்கின்றார். இதுவே குறுங்குறிப்பின் ஆற்றல். 1928இல் இந்நூலை ஆங்கிலத்தில் தந்த ஆர்தர் வேலி, ஏறக்குறைய காற்பங்கையே எடுத்துக்கொண்டு அடுக்குகளிற் பெரும்பாலனவற்றை விட்டுவிட்டார். அவர்தம் ஆங்கில நடை அழகியதே. எனினும் நூலின் உயிர்நிலை அவர் கைக்கு அகப்படவில்லை என்பது எம் கருத்து. 1967இல் ஐவன் மொரிஸ் வெளியிட்ட மொழிபெயர்ப்பே இக்குறையை நீக்கிற்று.

ஷோனகொன்மீது கடுந்தீர்ப்பு வழங்கியவர் 'கெஞ்சி கதை'யின் ஆசிரியை முரசாக்கி ஷிகிபு. செருக்குடையவர், சீன எழுத்துக்களை அரைகுறையாகக் கற்று வாரியிறைப்பவர் என்று தம் நாட்குறிப்பிற் சாடுகின்றார். முரசாக்கி பணிபுரிந்தது தெய்ஷிக்குப் போட்டியாய் உயர்ந்த ஷோஷியின் அவையிலாதலின், இதனைப் பொறாமையுரை என ஒதுக்குதல் எளிது. ஆயினும் அவர் சொல்லிய பிறிதொன்று வலியது: ஒவ்வொரு கணத்தையும் சுவைப்பொருளாக்க முயல்வோர் ஈற்றிற் புல்லியராவர் என்பது அதன் கருத்து. குறுங்குறிப்பெழுதும் எவர்க்கும் இது பொருந்தும். தனித்தெடுத்த குறிப்பொன்றை வைத்துக்கொண்டு இதற்கு விடைகூற இயலாது.

விடை வரலாற்றிலே உள்ளது. தெய்ஷியின் தந்தை மிச்சித்தக்கா 995இல் இறந்தார். மறு ஆண்டு உடன்பிறந்தார் இருவர் நாடுகடத்தப்பட்டனர். அவ்வாண்டிலேயே அரசியின் இல்லமும் எரிந்தது. சிற்றப்பன் மிச்சிநாகாவின் கை ஓங்கிற்று. 999இல் மகப்பேற்றிற்காக அரசி சென்று தங்கியது நரிமாசா என்னும் சிறிய அதிகாரியின் மனையில். அம்மனையின் வடவாயில் ஒடுங்கியதாகையாற் பணிமகளிரின் வண்டி நுழையவில்லை. பலர் காண இறங்கி நடக்க நேர்ந்தது. நெடிய பகுதியொன்றில் ஷோனகொன் இதனைச் சொல்லி, வாயிலை உயரக் கட்டிய சீனத்து முன்னோன் ஒருவன் கதையைக் காட்டி நரிமாசாவை நகையாடுகின்றார். பேரரசிக்குத் தாய்வீடென்று ஒன்றில்லாமையாலன்றோ இவ்வாயிலுக்கு வரவேண்டியதாயிற்று! அதனை அவர் வாய்திறந்து சொல்லவில்லை. அறிந்து படிப்போர்க்கு அந்நகை சுடும். வெள்ளிக் கிண்ணத்துப் பனிக்கட்டியும் அதன்பின் வேறு பொருளாகின்றது. அழிந்துகொண்டிருந்த அவையொன்றின் இனிமையை ஒருத்தி விடாப்பிடியாய் எண்ணி எழுதிவைத்ததாக அது தோன்றுகின்றது. முரசாக்கி இதனைக் காணாமற் போனது வியப்பே; அவரும் அக்காலத்தவர்தாமே.

யப்பானியர் கணக்கின்படி 1000ஆம் ஆண்டின் இறுதியில் தெய்ஷி மகப்பேற்றில் உயிர்நீத்தார். சுவடியின் மூலப்படி இன்றில்லை. எஞ்சிய படிகளிற் பகுதிகளின் வரிசை வெவ்வேறாக உள்ளது. எவ்வரிசையில் வைத்துப் படிப்பினும், அவ்விறப்பை நேரே கூறும் குறிப்பு அதில் ஒன்றுமில்லை.