அரசர் அடிசில்: மூலமும் உரையும் கதையும்

அரண்மனை வரலாற்றை எழுதப் புகுந்தோர் போர்க்களத்தையும் அரசவையையும் விரித்துரைத்த அளவிற்கு அட்டிலை விரித்துரைத்தாரல்லர். இக்குறையை நிரப்பும் விருப்புடன் எழுந்தது, 'ராஜா, ரசோயி ஔர் அன்ய கஹானியான்' என்னும் இந்தித் தொலைக்காட்சி ஆவணத்தொடர். 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற எபிக் தொலைக்காட்சியில் இஃது ஒளிபரப்பப்பெற்றது. பின்னர் இணையவழியாகவும் பலரைச் சென்றடைந்தது. நம் ஆய்வு மாணவருள் சிலர், இத்தகைய தொடர்களிற் கேட்ட செய்திகளைத் தம் கட்டுரைகளிற் சான்றாகக் காட்டத் தொடங்கியுள்ளனர். ஆகலின், இதனைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் ஆராய்தல் நம் கடனாயிற்று.

தொடரின் பெயர் 'அரசன், அட்டில், பிற கதைகள்' எனப் பொருள்படும். வரலாறு என்னாது கதைகள் என்றே பெயரிட்டமை நேர்மையுடையதே. ஆயினும் காண்போர் அதனை வரலாறாகவே கொள்கின்றனர். கதைக்கும் வரலாற்றுக்கும் இடைப்பட்ட எல்லை எங்ஙனம் மறைகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயும் பொருள்.

தொடரின் சிறப்பு

முதற்கண் சிறப்பினைக் கூறுதல் முறை. நாட்டின் பல வட்டாரங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அங்கு ஆண்ட மரபினரையும் அவர்தம் உணவையும் இணைத்துக் காட்டுவது இத்தொடரின் அமைப்பு. ஏட்டிற் காண இயலாத ஒன்றைப் படக்கருவி காட்டுகின்றது. மாவு பிசையும் கையின் விரைவு, நெய் காயும் பதம், மூடியின் விளிம்பை மாவால் அடைக்கும் நுட்பம் ஆகியவற்றை எந்நூலும் முழுமையாகக் கூறிவிட இயலாது. கைத்தொழிலைக் காட்டும் இப்பகுதிகள் பாதுகாத்தற்குரியன.

மூலநூல்கள் கூறுவன

அரசர் உணவைப்பற்றி நமக்குக் கிடைத்துள்ள மூலங்கள் சிலவே. எனினும் அவை வளமானவை. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த 'மானசோல்லாசம்' அரசனுக்குரிய இன்பங்களுள் ஒன்றாக உணவை வகுத்துரைக்கின்றது. அதிற் கூறப்படும் 'இட்டரிகா' உளுந்து மாவினாற் செய்து மிளகு, சீரகம், பெருங்காயம் சேர்க்கப்பெறுவது. இன்றைய இட்டலிக்கு இன்றியமையாத அரிசி அங்கு இல்லை. பெயர் ஒத்திருத்தலால் பொருளும் ஒன்றே எனக் கொள்ளுதல் பிழையாகும் என்பதற்கு இஃது ஒன்றே போதிய சான்று.

மாளவத்தின் மாண்டு நகரில் கியாத் சாகு (1469-1500) காலத்தில் தொடங்கி, அவன் மகன் நாசிர் சாகு (1500-1510) காலத்தில் நிறைவெய்திய 'நிமத்நாமா' ஓவியங்களாற் சிறந்த பாரசீக நூல்; அதன் படி இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. சேர்பொருள்களை அடுக்கிச் சொல்லும் அந்நூல், அவற்றின் அளவுகளைப் பெரும்பாலும் சொல்வதில்லை. இதற்கு மாறாக, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் பசல் இயற்றிய 'அய்னி அக்பரி' அளவுகளைத் திட்டமாகத் தருகின்றது. கிச்சடிக்கு அரிசி, உடைத்த பருப்பு, நெய் ஆகியன தனித்தனி ஐந்து சேர் என அது வரையறுக்கின்றது. பேரரசின் கணக்கன் கண்கொண்டு அட்டிலை நோக்கிய நூல் அது.

இவ்வேறுபாட்டால் ஓருண்மை புலனாகின்றது. அளவு கூறாத நூலைக்கொண்டு இன்று ஒருவர் சமைத்துக் காட்டுவது மூலமன்று, உரையே. உரையாசிரியர் ஒருவர் பாடலின் பொருளைத் தம் காலத்தறிவுகொண்டு விளக்குதல் போல்வதே அது. உரை எழுதுதல் குற்றமன்று. உரையை மூலமெனக் காட்டுதலே குற்றம். தொடரிலோ நூற்செய்தி, குடும்பத்தார் வழங்கும் செய்தி, இன்றைய சமையலாளர் கற்பனை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே குரலில், ஒரே இசைப் பின்னணியில் வருகின்றன. காண்போர் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

ஒரு கதையின் ஆராய்ச்சி

அரசர் உணவைப்பற்றிப் பேசுவோர் பலரும் எடுத்துரைக்கும் கதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அவத நாட்டு நவாபு ஆசபுத்தௌலா, 1784-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது மக்களுக்கு வேலையளிக்க இலக்னோவிற் பெரிய இமாம்பாடாவைக் கட்டத் தொடங்கினான். தொழிலாளர்க்கெனப் பெருங்கலங்களில் மூடி வைத்துச் சமைத்த உணவின் மணத்தில் ஈடுபட்ட நவாபு அதனை அரண்மனைக்குக் கொண்டுசென்றான். அதுவே 'தம்புக்து' என்னும் சமையல் முறையின் தோற்றம் என்பர்.

கதை இனியதே. ஆனால் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகட்கு முற்பட்ட அய்னி அக்பரியின் உணவுப் பட்டியலில் 'தம்புக்து' என்னும் பெயரே காணப்படுகின்றது. இறைச்சி, நெய், வெங்காயம், இஞ்சி, மிளகு, கிராம்பு, ஏலம் என அதன் சேர்பொருள்களும் குறிக்கப்பெற்றுள்ளன. எனவே அம்முறை இலக்னோவிற் பிறந்தது என்பது பொருந்தாது. அந்நகரத்தார் அதனை வளர்த்துச் சிறப்பித்தனர் என்பதை மறுக்க வேண்டுவதில்லை. கதையின் உட்கிடை வேறு: பஞ்சத்தில் உழைத்தவன் உணவை அரசன் மேசைக்கு ஏற்றுவதன் வாயிலாக, அஃது அரசனின் அருளையும் நாவின் நுண்மையையும் ஒருங்கே புகழ்கின்றது. வரலாறாகத் தள்ளத்தக்க கதையும், அதனைப் படைத்தோர் மனப்பாங்கை அறிதற்குச் சான்றாகும்.

பிறிதொரு சான்று மிளகாய். அமெரிக்க நிலத்துக்குரிய அது, போர்த்துக்கீசியர் வந்த 1498-ஆம் ஆண்டிற்குப் பின்னரே இந்நாடு புகுந்தது. அபுல் பசல் கூறும் செய்முறைகளிற் காரத்திற்கு மிளகும் இஞ்சியுமே வருகின்றன. ஆகவே, சிவந்த மிளகாய்க் குழம்பொன்றைச் சோமேசுவரன் காலத்ததென எவரேனும் படைப்பாராயின், வேறு சான்று வேண்டாமலே அதனை மறுத்துவிடலாம்.

நம் துறையில், ஔவையார் ஒருவரே என்றும், புலவரைப்பற்றிய செவிவழிக் கதைகளெல்லாம் வரலாறே என்றும் நம்பிய காலம் உண்டு. பாடத்தையும் காலத்தையும் ஒப்புநோக்கியே அம்மயக்கம் நீங்கிற்று. அதே ஒழுங்கினை அடிசில் வரலாற்றுக்கும் உரியதாக்கல் வேண்டும்.

பேசுவோர் யார்?

மூலங்களில் யார் குரல் ஒலிக்கின்றது என்பதும் எண்ணத்தக்கது. மானசோல்லாசத்தில் அரசன் பேசுகின்றான். அய்னி அக்பரியில் அமைச்சன் பேசுகின்றான். முடத்தாமக்கண்ணியார் பாடிய பொருநராற்றுப்படையிற் கரிகாலன் அளித்த விருந்தினை உண்ட பொருநன் பேசுகின்றான். சமைத்தவன் எங்கும் பேசவில்லை. சமையற்காரனைக் குறித்த 'மடையன்' என்னும் சொல் இன்று நம்மிடை வசையாகவே வழங்குவதும் இதனோடு இணைத்து எண்ணற்பாலது. தொடரிலும் அரச மரபினர் நினைவுக்குத் தலைமையிடமும், அடுப்பருகே நின்ற தலைமுறையினர்க்குச் சிற்றிடமுமே கிடைக்கின்றன. அவர்தம் கையைக் கண்டோம். சொல்லைப் போதிய அளவு கேட்டிலோம்.

இதனை நிரப்பும் வாய்ப்பு நம்மருகேயே உண்டு. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசியின் அரண்மனை உணவு முறைகளை மராத்திய மொழியிற் கூறும் 'சரபேந்திர பாக சாத்திரம்' சரசுவதி மகால் நூலகத்தைச் சார்ந்தது. அதனை மொழியறிந்தோரும், அடுப்பறிந்தோரும், வரலாறு அறிந்தோரும் ஒருங்கிருந்து ஆராய்வராயின், மூலம் இது, உரை இது, கதை இது எனப் பிரித்துக் காட்டும் முறைக்கு அஃது எடுத்துக்காட்டாகும்.

தொடர் மக்களிடை ஆர்வத்தை விளைத்தது; அதற்காக அதனைப் பாராட்டுகின்றோம். ஆனால் ஆர்வம் ஆய்வின் வாயிலேயன்றி ஆய்வன்று. மாணவர் அத்தொடரைக் காண்க. கண்டபின் மூலநூலைத் திறக்க.